எரிந்த காடு, பிரித்த கூரை

போன பங்குனியில் முத்தியால்பேட்டை டீக்கடை வாசலில் நடந்த பேச்சு இது. எங்கள் வாசிப்பு வட்டத்துக்குப் புதிதாக வந்திருக்கும் ஒரு மாணவத் தோழர் கேட்டார்: "காட்டுத்தீய பத்தி நாம எதுக்குத் தோழர் கூட்டம் போடணும்? அது மரத்துமேல பாசம் வச்சவங்க பிரச்சினை. நம்மகிட்ட காடும் இல்ல, கழனியும் இல்ல. சுடுகாட்டுக்குப் பாதை கேட்டே நாலு வருசமா மனு குடுத்துக்கிட்டு கெடக்கோம்."

நான் உடனே பதில் சொல்லவில்லை. பத்து வருசத்துக்கு முன்னால் இதையே நானும் பேசியிருக்கிறேன், இதைவிடக் காட்டமாகவே.

புதுச்சேரிக்காரனுக்குக் காடு தெரியாது என்பது உண்மைதான். ஊசுட்டேரிக் கரையும் கொஞ்சம் சவுக்குத் தோப்பும்தான் நாம் பார்த்த காடு. பிரெஞ்சுக்காரன் பிரித்து வைத்ததில் கால்வாய்க்குக் கிழக்கே வெள்ளையர் நகரம், மேற்கே கறுப்பர் நகரம். அந்தக் கறுப்பர் நகரத்துக்கும் வெளியேதான் எங்கள் சேரிகள். எங்களுக்குத் தெரிந்த தீ கூரைத் தீ. மாசி பொறந்தா ஆயா சாயங்காலத்துல ரெண்டு குடம் தண்ணி எடுத்து கூரைமேல வீசும். குடிக்கவே தண்ணி இல்லாத தெருவில் அது எவ்வளவு பெரிய செலவு என்று இப்போது புரிகிறது.

எனக்கு ஒன்பது வயசு. சித்திரை மாசம், நடு மத்தியானம். தெருவோட மேக்கு மூலையில ஒரு வீட்டு அடுப்புல இருந்து பொறி பறந்து கீத்துல விழுந்துச்சு. மேல்காத்து. அஞ்சு நிமிசத்துல ஆறு வீடு. வண்டி வந்தாலும் தெருவுக்குள்ள நுழைய முடியாது, சந்தோட அகலம் ரெண்டு ஆள் அகலம். பெரியவங்க கூடிப் பேசுனாங்க, கத்துனாங்க. அப்புறம் தொரட்டியும் கடப்பாரையும் எடுத்துக்கிட்டு எங்க வீட்டுக்கு வந்தாங்க. "பிரிச்சுப் போடுங்கடா, இத பிரிச்சாத்தான் அந்தாண்ட பத்தாது." எங்க அம்மா கையில தங்கச்சியத் தூக்கிக்கிட்டு நின்னுச்சு. கால்மணி நேரத்தில் கூரை, கழி, வாரை எல்லாம் தெருவில் கிடந்தது. தீ அந்த வெட்டவெளி வரைக்கும் வந்து நின்றது. அந்தாண்ட இருந்த இருபது வீடு பிழைத்தது.

இது சரியான முடிவுதான். தீயை அணைக்கத் தண்ணி இல்லாத இடத்தில் அதற்குத் தீனி இல்லாமல் செய்வது ஒன்றுதான் வழி. காட்டில் இதற்குத் தீத்தடுப்புக் கோடு என்று பேர். கோடை வருவதற்கு முன்னால் ஒரு பட்டையாக நிலத்தை வெட்டி, சருகைக் கூட்டி, எரித்து, வெறும் மண்ணாக விடுவார்கள். சேரிக்காரர்கள் யாரிடமும் பாடம் படிக்காமல் அதைத்தான் செய்தார்கள்.

ஆனால் ஏன் எங்கள் வீடு? எங்க வீட்டுக்கு முந்தின வீடும் இருந்துச்சு, அடுத்த வீடும் இருந்துச்சு. முந்தின வீட்டுக்காரர் மில்லில் வேலை பார்த்தார். அடுத்த வீட்டில் நாலு ஆம்பளைப் பிள்ளைகள். எங்க வீட்ல அப்பா செத்து ரெண்டு வருசம். கத்துறதுக்கு ஆள் இல்லாத வீடு. மூணு நாள் கழிச்சு நிவாரணப் பட்டியல் எடுக்க ஒருத்தர் வந்தார். வேட்டி, சேலை, அரிசி, கொஞ்சம் பணம். எங்க வீட்டைப் பார்த்தார். "இது எரியலையே, பிரிச்சதுதானே" என்றார். எழுதாமல் போய்விட்டார்.

தீயைப் பற்றி எதைப் படித்தாலும் எனக்கு இந்தக் கணக்குத்தான் முதலில் வருகிறது. எது எரிந்தது என்பதை எல்லோரும் எழுதுகிறார்கள். தீ நிற்பதற்காக யாருடைய கூரை பிரிக்கப்பட்டது என்பதை யாரும் பட்டியலில் எழுதுவதில்லை.

குரங்கணிக்கு வருகிறேன். 2018 மார்ச் 11, ஞாயிற்றுக்கிழமை. தேனி மாவட்டம், போடிநாயக்கனூருக்கு மேலே குரங்கணி மலை. சென்னையிலிருந்தும் ஈரோடு, திருப்பூர்ப் பக்கமிருந்தும் மலையேற வந்தவர்கள் கொழுக்குமலையிலிருந்து இறங்கும்போது தீயில் சிக்கினார்கள். 23 பேர் செத்தார்கள். பெரும்பாலும் இளம் வயது, பெண்கள் அதிகம். அவர்கள் சாவை ஒரு சொல்லாலும் சிறுமைப்படுத்த நான் தயாரில்லை. விடுமுறையில் மலை ஏறியது குற்றம் இல்லை. ஹெலிகாப்டர் வருவதற்கு முன்னால் ஏறிப் போய்ப் போர்வையில் கட்டித் தூக்கி வந்தவர்கள் ஊர்க்காரர்கள், மலைச்சனங்கள். யார் வைத்த தீ என்ற பேச்சு வந்தபோது முதலில் விரல் நீண்டதும் அதே பக்கம்தான். மாடு மேய்க்கிறவன் வைத்திருப்பான், அடிவாரத்து விவசாயி வைத்திருப்பான். தூக்கி வந்த தோளையும் தீக்குச்சி கிழித்ததாகச் சொல்லப்பட்ட கையையும் ஒரே உடம்பாகப் பார்க்க நம் பத்திரிகைகளுக்கு ஒரு நாள்கூடத் தேவைப்படவில்லை.

தீ யாரால் பிடித்தது என்ற கேள்விக்கு இந்த நாட்டில் இரண்டு விதப் பதில் உண்டு. காட்டில் பிடித்தால் அங்கே வாழ்கிறவன்தான் குற்றவாளி. சேரியில் பிடித்தால் குற்றவாளியே கிடையாது. 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் ஒரே குடிசைக்குள் 44 பேர் எரிந்தார்கள். 1973ல் உயர்நீதிமன்றம் நிலவுடைமையாளர்களை விடுதலை செய்தது. பணக்காரர்கள், கார் வைத்திருப்பவர்கள், தாங்களே நடந்து போய்க் குடிசை கொளுத்தியிருப்பார்கள் என்று நம்ப முடியவில்லை என்பது அந்தத் தீர்ப்பில் இருந்த வாதம். 2012 நவம்பர் 7ல் தர்மபுரி நத்தம் காலனியிலும் பக்கத்து இரண்டு குடியிருப்புகளிலும் 200க்கும் மேற்பட்ட வீடுகள் கொளுத்தப்பட்டன. அப்போது வந்த செய்திகளில் 'கலவரம் காட்டுத்தீ போலப் பரவியது' என்ற ரீதியில் எழுதியதைப் படித்திருப்பீர்கள். வைத்தவனுடைய பேரை மறைக்கக் காட்டுத்தீ ஒரு வசதியான உவமை.

அந்த உவமை காட்டுக்கே பொருந்தாது. எங்கள் ஆயா செஞ்சிப் பக்கத்துக்காரி. அந்தப் பாறை மலைகளின் முள்ளுக்காட்டில் சுள்ளி பொறுக்கி விற்றுத்தான் பிள்ளைகளை வளர்த்தது. காவக்காரன் புடிச்சா சுள்ளிக்கட்டும் போச்சு, அருவாளும் போச்சு என்று சொல்லும். கோடை ராத்திரியில் மலைச்சரிவு எரிவதை "மலைக்கு மாலை போட்டாப்ல" என்று சொல்லும். அதோட ஒரு வார்த்தை சேர்க்கும்: "மெதுவா எரிஞ்சா மலைக்கு நல்லது, ஓடி எரிஞ்சா கெட்டது." ஆயாவுக்குக் கைநாட்டுதான். இதே விசயத்தை நான் பின்னால் ஆராய்ச்சிக் கட்டுரைகளில் படித்தேன்.

கர்நாடகத்துப் பிலிகிரிரங்கன் மலையிலும் நம் சத்தியமங்கலம், பர்கூர் மலைகளிலும் வாழும் சோளகர்கள் காலங்காலமாகச் சருகுத் தீ வைத்து வந்தவர்கள். தரகு பெங்கி என்று பேர். தை வாக்கில், நிலத்தில் ஈரமும் விடிகாலைப் பனியும் மிச்சம் இருக்கும்போதே சருகைக் கொளுத்தி விடுவார்கள். முழங்கால் உயரத்துக்கு எரிந்து அடங்கும். பெரிய மரத்துக்குச் சேதம் இல்லை. புதுப்புல் வரும். நெல்லி மரத்தை உறிஞ்சும் ஒட்டுண்ணிச் செடி மட்டுப்படும் என்பது அவர்கள் அனுபவம். 1972 வனவிலங்குச் சட்டமும் அதையடுத்து 1974ல் வந்த சரணாலய அறிவிப்பும் இதைக் குற்றமாக்கின. அப்புறம் என்ன நடந்தது? சருகு வருசா வருசம் சேர்ந்தது. உண்ணிச்செடி அடர்ந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வெள்ளைக்காரன் கல்கத்தா தோட்டத்துக்கு அழகுக்காகக் கொண்டுவந்த பூச்செடி அது. 1997க்கும் 2008க்கும் இடையில் அந்த மலையில் அது பல மடங்கு பெருகியதை ஆய்வாளர்கள் எண்ணிப் பார்த்திருக்கிறார்கள். ஆளுயரத்துக்கு வளர்ந்து கோடையில் சுள்ளியாகக் காய்கிற செடி. தரையில் ஓட வேண்டிய நெருப்பை ஏணி வைத்துக் கிளைக்கு ஏற்றி விடுகிறது. 2019 பிப்ரவரியில் பக்கத்துப் பந்திப்பூரில் பல ஆயிரம் ஏக்கர் எரிந்தபோது இந்த உண்ணிப் புதர்தான் நெருப்புக்குப் பெரிய தீனி.

தீயை வைக்கிறவனைத் துரத்தினால் தீ போய்விடும் என்ற நம்பிக்கை வெள்ளைக்காரன் விட்டுப்போனது. அவனுக்குக் காடு என்றால் ரயில் கட்டைக்கும் கப்பலுக்கும் வேண்டிய மரக்கிடங்கு. கிடங்கில் எவனாவது நெருப்பு வைக்க விடுவானா? 1878ல் இந்திய வனச் சட்டம், 1882ல் சென்னை வனச் சட்டம். காப்புக்காட்டுக்குள் தீ மூட்டினால் தண்டனை. வேடிக்கை என்னவென்றால் அவனுடைய ஆட்களே கொஞ்ச நாளில் தடுமாறினார்கள். பர்மாவில் தீயை அறவே தடுத்த இடங்களில் தேக்கு முளைக்கவில்லை. 1896ல் அவர்கள் சஞ்சிகையிலேயே ஓர் அதிகாரி, தீத்தடுப்பு அளவுக்கு மிஞ்சிப் போகிறது என்று எழுதினார். பின்னால் அங்கே பல தேக்குக் காடுகளில் அதைக் கைவிட்டார்கள். சட்டத்தை மட்டும் கைவிடவில்லை. சட்டத்தின் வேலை மரத்தைக் காப்பது மட்டும் இல்லையே, ஆளை வெளியே நிறுத்துவதும்தானே. 1921ல் குமாவுன் மலைக்காரர்கள் இதற்குத் தீயாலேயே பதில் சொன்னார்கள். அரசாங்கத்தின் பைன் காடுகளைக் கொளுத்தினார்கள். தங்களுக்குத் தழையும் தீவனமும் தரும் அகன்ற இலைக் காடுகளில் கை வைக்கவில்லை. தீக்குச்சிக்கும் அரசியல் தெரியும் என்று அன்றைக்கு அதிகாரிகளுக்கு விளங்கியிருக்கும்.

எல்லாத் தீயும் நல்ல தீ என்று நான் சொல்லவில்லை. பங்குனி வெயிலில் வைக்கிற தீ, பீடித்துண்டை வீசியதால் பிடிக்கிற தீ, வனத்துறைக்காரன் மேல் இருக்கிற கோபத்தில் வைக்கிற தீ எல்லாம் இருக்கிறது. நம் நாட்டில் வறண்ட பருவத்தில் இடி மின்னல் குறைவு. அதனால் பெரும்பாலான காட்டுத்தீ மனிதக் கையால்தான். மலை உச்சிச் சோலைக்காடு ஒரு தீயைக்கூடத் தாங்காது. இலையுதிர் காட்டையும் வருசா வருசம் கொளுத்தினால் கன்று மேலே வராது. இதோடு வெயில் கூடிக்கொண்டே போகிறது, மழை பொய்க்கிறது. 2016ல் வடகிழக்குப் பருவமழை 62 சதவீதம் குறைந்தது. காய்ந்த காற்று இலையில் இருக்கிற கடைசி ஈரத்தையும் உறிஞ்சிவிடுகிறது. முன்பு ஒரு மலையோடு நின்ற தீ இப்போது நாலு மலை தாண்டுகிறது. மனிதக் கை என்பது சரி. எந்தக் காலத்தில், எந்த உரிமையோடு, யார் கட்டுப்பாட்டில் இருந்த கை என்று கேட்காமல் கையை மட்டும் வெட்டச் சொல்வதுதான் அயோக்கியத்தனம்.

மேய்ச்சல் விவகாரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 2022 மார்ச்சில் சென்னை உயர்நீதிமன்றம் தமிழ்நாட்டுக் காடு முழுக்க ஆடு மாடு மேய்க்கத் தடை போட்டது. எதிர்ப்பு வந்ததும் அதே மாதம் தேசியப் பூங்கா, சரணாலயம், புலிகள் காப்பகத்துக்கு மட்டும் என்று சுருக்கியது. தேனி மலைமாட்டுக்காரர்களுக்கு இதனால் என்ன லாபம்? 2021லேயே ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகம் ஆகிவிட்டதே. மாடு தின்னாத புல் கோடையில் காய்ந்து நிற்கும். அதை யார் தின்பது? தீதான்.

சரி, தீ வந்துவிட்டது. அணைக்கப் போவது யார்? பச்சைத் தழையை ஒடித்து அடித்து அணைக்கிறவர்கள் தினக்கூலி வாட்சர்கள், தற்காலிகக் காவலர்கள். பெரும்பாலும் பழங்குடிகள், அடிவாரத்துச் சேரிக்காரர்கள். 2017ல் பந்திப்பூரில் ஒரு வனக்காவலர் செத்தார். 2020 பிப்ரவரியில் கேரளம் தேசமங்கலம் பக்கத்தில் மூன்று வாட்சர்கள் தீக்குள் சிக்கிச் செத்தார்கள். 2024 ஜூனில் உத்தராகண்ட் பின்சரில் ஒரே நாளில் நாலு பேர். காட்டுக்குள் சுள்ளி பொறுக்கினால் திருடன், அதே காட்டில் தீ அணைத்துச் செத்தால் தியாகி. திருடனுக்கும் தியாகிக்கும் பட்டா மட்டும் கிடையாது.

வெளிநாட்டில் ஒழுங்கு என்று நினைக்க வேண்டாம். 2018 நவம்பரில் கலிபோர்னியாவில் பாரடைஸ் என்ற ஊரே எரிந்து 85 பேர் செத்தார்கள். காரணம் ஒரு மின்சாரக் கம்பெனியின் கம்பத்தில் மாற்றாமல் விட்ட, ஏறத்தாழ நூறு வருசப் பழைய கொக்கி. 2020ல் 84 சாவுக்குக் குற்றத்தை ஒப்புக்கொண்டது கம்பெனி. அபராதம் கட்டியது. ஒரு ஆள்கூடச் சிறைக்குப் போகவில்லை. அந்த மாநிலத்தில் தீ அணைக்கக் கைதிகளை அனுப்புகிறார்கள். தீக்களத்தில் ரொம்ப நாள் வரைக்கும் அவர்களுக்கு மணிக்கு ஒரு டாலர் கூலி. 2023 ஆகஸ்டில் ஹவாய்த் தீவுகளின் லகைனா நகரம் எரிந்து நூற்றுக்கும் மேல் செத்தார்கள். அந்த மண்ணின் மக்களுடைய கிழங்கு வயலுக்குப் பாய்ந்த தண்ணியைக் கரும்புத் தோட்டக்காரன் திருப்பிக்கொண்டான். 1999ல் ஆலையை மூடிவிட்டுப் போனான். கரும்பு இருந்த இடத்தில் வெளிநாட்டுப் புல் மண்டிக் காய்ந்து கிடந்தது. மின்கம்பியிலிருந்து பொறி விழுந்தது. முதலாளி போன பிறகும் அவன் விட்டுப்போன புல் கொல்கிறது. 2017 ஜூனில் போர்ச்சுகலில் 66 பேர் செத்தார்கள், நிறையப் பேர் யூகலிப்டஸ், பைன் தோப்புகளுக்கு நடுவே ஓடும் சாலையில் தப்பி ஓடும்போது. அந்த யூகலிப்டஸ்தான் நம் ஊர்த் தைலமரம். புதுக்கோட்டைப் பக்கம் ஆயிரக்கணக்கான ஏக்கரில் காடு என்ற பேரில் நிற்கிறதே, அதே மரம்.

எரிந்த பிறகு வருவதை யாரும் படம் எடுப்பதில்லை. அந்த வருசம் நெல்லிக்காய் இல்லை, தேன் இல்லை, சீமாறுப்புல் இல்லை. மூடாக்கு போன மண்ணை முதல் மழை அடித்துக்கொண்டு வந்து ஏரியில் கொட்டுகிறது. ஏரி தூர்ந்தால் கடைமடைக்குத் தண்ணி வராது. கடைமடையில் யாருக்கு நிலம் இருக்கிறது, யார் கூலி வேலை செய்கிறார்கள் என்று இந்தப் பத்திரிகை வாசகருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மரம் எரிந்ததைக் கணக்கிட ஏக்கர் இருக்கிறது. தேன் போனதைக் கணக்கிட ஒரு கலம்கூட அந்தப் படிவத்தில் இருக்காது. பிரிச்ச வீடுதானே.

நம் பக்கத்துக் குறையையும் சொல்லிவிடுகிறேன். 1892ல் ஒதுக்கிய பஞ்சமி நிலத்தை மீட்க ரத்தம் சிந்தியிருக்கிறோம். காட்டை மட்டும் பழங்குடி இயக்கத்துக்கு என்று ஒதுக்கிவிட்டுச் சும்மா இருந்துவிட்டோம். மூணாறு எஸ்டேட்டில் மலையை மொட்டையடித்துத் தேயிலை வைத்த கைகள் யாருடையவை? 2020 ஆகஸ்டில் பெட்டிமுடி நிலச்சரிவில் புதைந்த 70 பேர் யார்? திருநெல்வேலி, தூத்துக்குடிச் சீமையிலிருந்து தலைமுறைக்கு முன் கூட்டிப் போகப்பட்ட நம் சனங்கள்தான் அதில் பெரும்பாலோர். கொழுக்குமலைக்கும் அவர்கள் இருக்கும் லயத்துக்கும் நடுவே ஒரு மலைதான்.

2006 வன உரிமைச் சட்டம் காட்டைக் காக்கவும் பராமரிக்கவும் கிராம சபைக்கு உரிமை தருகிறது. தமிழ்நாட்டில் அது பல வருசம் வழக்கில் கிடந்து 2016ல்தான் பட்டா வழங்க வழி திறந்தது. கர்நாடகத்துச் சோளகர்கள் 2011லேயே புலிகள் காப்பகத்துக்குள் சமூக உரிமை வாங்கிவிட்டார்கள். அதே சட்டத்தில் இன்னொரு கதவும் இருக்கிறது. பழங்குடி அல்லாத பிற வனவாசிகளும் உரிமை கேட்கலாம். ஆனால் 2005 டிசம்பர் 13க்கு முன்னால் மூன்று தலைமுறை, அதாவது 75 வருசம், காட்டைச் சார்ந்து வாழ்ந்ததாகக் காட்ட வேண்டும். செஞ்சி மலையில் சுள்ளி பொறுக்கிய எங்கள் ஆயா 1930ஆம் வருசத்து ரசீதுக்கு எங்கே போகும்? அவளிடமிருந்து அருவாளைப் பிடுங்கியவர்கள் ஒருநாளாவது துண்டுச்சீட்டு கொடுத்திருந்தால் அதுவே ஆதாரமாகியிருக்கும். ஊர்ப் பெரியவர்களின் வாய்மொழியையும் ஆதாரமாக எடுக்கலாம் என்று சட்டத்தின் விதிகளிலேயே இருக்கிறது. கிராம சபையில் அந்த வாய்மொழியைப் பதிவு செய்ய நம் தோழர்கள் உட்கார வேண்டும். தீத்தடுப்புக் கூலிகளுக்கு நிரந்தர வேலையும் விபத்துக்கு முழு இழப்பீடும் கேட்க வேண்டும். தை மாதச் சருகுத் தீயைக் குற்றப் பட்டியலிலிருந்து எடுத்து, எங்கே எப்போது வைப்பது என்பதைக் கிராம சபை தீர்மானிக்கட்டும் என்று சொல்ல வேண்டும். இதற்குச் சூழலியல்காரர்களில் பாதிப் பேர் நம்மோடு வருவார்கள். மீதிப் பேர் புலியைக் காட்டுவார்கள். வந்தவரோடு போவோம்.

இதையெல்லாம் அந்த டீக்கடையில் துண்டு துண்டாகத்தான் சொன்னேன். மாணவத் தோழர் பாதி ஒப்புக்கொண்டார், பாதிக்கு இன்னும் சண்டை போடுகிறார். சைக்கிளை எடுக்கும்போது கேட்டார்: "அந்தப் பிரிச்ச வீட்டுக்கு அப்புறமாவது பணம் வந்துச்சா தோழர்?"

வரவில்லை. அம்மா வட்டிக்கு வாங்கித்தான் கீத்து போட்டுச்சு. அந்தக் கடன் அடைஞ்சப்ப நான் பத்தாவது படிச்சுக்கிட்டிருந்தேன்.